கண்ணுக்கு எட்டாதவற்றின் பெயர்கள்

மைசூர் மருத்துவமனைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. தமிழ்ப் பாட்டி தம் நோயைத் தமிழில் கூறுவார். மருத்துவர் கன்னடத்தில் வினவுவார். இடையே நிற்கும் பேரனுக்கு இரு மொழியும் தெரியும். ஆயினும் மருத்துவர் கூறிய உறுப்பு ‘கணையம்’ என்றோ ‘மண்ணீரல்’ என்றோ பாட்டிக்கு உரைக்க அவனால் இயலாது. கையும் காலும் தமிழில் அறிந்த பிள்ளை, உடலின் உட்புறத்தை ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்திருக்கிறான். இச்சொற்கள் நமக்கு வாய்த்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

உடலைக் குறிக்கும் சொற்களுட் பல மிகத் தொன்மையானவை. கன்னடர் ‘எலுபு’, ‘நர’ என்பன நம் எலும்பும் நரம்புமே. குருதியை அவர்கள் ‘நெத்தரு’ என்பர். அது நம் பழந்தமிழ் ‘நெய்த்தோர்’ என்னும் சொல்லின் உடன்பிறப்பு. ஆனால் புதிய மருத்துவத்தைக் கற்பிக்க இப்பழஞ்சொற்கள் மட்டும் போதவில்லை.

அக்குறையை நிறைக்க முற்பட்டவருள் தலைசிறந்தவர், 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழையே பயிற்று மொழியாக்கினார். தமிழ்ச்சொல் கிட்டாவிடத்து வடசொல்லையும், அதுவும் இல்லாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றியும் ஆண்டார். 1872-ல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-ல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயர்களே இதற்குச் சான்று.

கிறீன் தாயகம் திரும்பியது 1873-ல். காச நோயின் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்ததோ 1882-ல். ஆகவே நுண்ணுயிர்களுக்குப் பெயரிடும் பணி பின்வந்தோரைச் சார்ந்தது. வடமொழியில் புழுவைக் குறித்த ‘கிருமி’ என்னும் சொல்லே, கண்ணுக்குத் தெரியாத இப்புதிய உயிர்களையும் குறிக்கலாயிற்று.

கொள்ளைநோயின் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-ல். நான்கே ஆண்டுகளில், 1898-ல், அந்நோய் பெங்களூரையும் மைசூரையும் தாக்கியது. ஆய்வுக்கூடம் கண்ட உண்மை இல்லங்களை எட்டுமுன் நோய் வந்து சேர்ந்தது. மக்கள் அதனை அம்மனாகவே கண்டு வழிபட்டனர். பெங்களூரில் பிளேகம்மாவும் கோவையில் பிளேக் மாரியம்மனும் கோயில் கொண்டமை இதனாலேயே. பெயரில்லா அச்சத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது; அதனை இகழ்தல் தகாது.

1916 நினைவிற்கொள்ளத்தக்க ஆண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய அவ்வாண்டிலேயே, சேலத்தில் இராசாசியும் வெங்கட சுப்பையரும் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். அத்தகையோர் தொடர்ந்து செய்த பணியின் பயனாக இன்று தமிழகம் ‘நுண்ணுயிரி’ என்கிறது. ஈழம் ‘நுண்ணங்கி’ என்கிறது. தமிழகத்தில் ‘உயிரணு’ எனப்படுவது ஈழத்தில் ‘கலம்’ எனப்படுகிறது. சொல் வேறாயினும் முயற்சி ஒன்றே.

கன்னடம் இத்துறையில் பெரிதும் வடசொல்வழிச் சென்றது. நாம் சிறுநீரகம் என்பதை அவர்கள் ‘மூத்ரபிண்ட’ என்பர். நுரையீரலை ‘ஷ்வாசகோஷ’ என்பர். எவ்வழியும் குறையுடையதன்று, தத்தம் மக்களுக்கு அறிவைத் தாய்மொழியில் தருவதே இரண்டின் நோக்கம். நமக்கு வாழ்வளிக்கும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அதனோடு சிறுநீரகம், நுரையீரல், கணையம், நுண்ணுயிரி ஆகிய சொற்களையும் இல்லத்தில் நாம் பழக்குவோமாக.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் உழைத்து ஈட்டிய செல்வம் இது. நூல்களில் மட்டும் அது உறங்குமாயின் பயன் யாது? மருத்துவர் கூறுவதைப் பாட்டிக்குப் பேரன் தமிழில் விளக்கி அவர் அச்சம் தீர்க்கும் நாளே, அவ்வுழைப்பு நிறைவு பெறும் நாளாகும்.