முகமூடி ராஜாவும் பெடல் சுற்றிய பையனும்

இந்தக் கோடை விடுமுறைக்குப் பேத்தி பெங்களூரிலிருந்து வந்து பதினைந்து நாள் என்னோடு இருந்தாள். வயது பதினொன்று. அம்மாவோடு கன்னடம், என்னோடு தமிழ், சினேகிதிகளோடு இங்கிலீஷ். நம்ம ஓசூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. காய்கறி வாங்கப் போனாலே மூன்று பாஷையில் பேரம் பேசுகிற ஊர்தானே இது.

வெயில் தாழும் வரை வெளியே போக முடியாது. ஆகவே இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து நாளுக்கு ஒரு படம் பார்த்தோம். ஒரு நாள் என் இஷ்டம், மறுநாள் அவள் இஷ்டம் என்று ஒப்பந்தம். என் இஷ்டம் கேலிப் படங்கள், அவள் இஷ்டம் பொம்மைப் படங்கள். நான் சினிமா விமர்சகன் அல்ல, தாலுகா ஆபீசில் கோப்பு புரட்டியவன். ஆனாலும் கோப்பு பார்த்த பழக்கம் விடுமா? எந்தக் கடிதம் எந்தக் கடிதத்திலிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படம் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. 2006இல் சிம்புதேவன் இயக்கியது. தயாரித்தவர் டைரக்டர் ஷங்கர். சிம்புதேவன் அதற்கு முன் விகடனில் கார்ட்டூன் போட்டவர். படத்தைப் பார்த்தாலே அது தெரியும். வடிவேலு தன் தலையைப் பயில்வான் உடம்போடு ஒட்டி ஓவியம் தீட்டச் சொல்லும் காட்சி ஒரு கார்ட்டூன் கட்டத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

படம் முடிந்ததும், "தாத்தா, இது நிஜமா நடந்த கதையா?" என்றாள்.

"கொஞ்சம் நிஜம். ஆனால் நம்ம ஊரில் இல்லை, பாரிஸில்" என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். கேளுங்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே வகுப்பு எண் மேலே ஏறாது, கீழே இறங்கும். ஆறாவதில் பாஸ் செய்தால் ஐந்தாவதுக்குப் போவோம், அதற்கப்புறம் நாலாவது. ஓசூரில் இதைச் சொன்னபோது, ஒவ்வொரு வருஷமும் ஃபெயில் ஆன பையன் என்றுதான் ஆபீசில் நினைத்தார்கள்! அந்த 'நாலாவது' வகுப்பில் எங்கள் வாத்தியார் அலெக்சாந்தர் துமாவின் நாவலிலிருந்து இரும்பு முகமூடிக் கைதியின் கதையைப் படித்துக் காட்டினார். 1847 முதல் 1850 வரை தொடராக வந்த நாவல் அது. பதினான்காம் லூயி மன்னனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன். அவன் முகம் வெளியே தெரியக்கூடாதென்று முகமூடி போட்டுச் சிறையில் வைக்கிறார்கள்.

முகத்தை மறைத்த கைதி ஒருவர் நிஜமாகவே இருந்தார். 1703 நவம்பரில் பஸ்தீய் சிறையில் இறந்தார். அவர் போட்டிருந்தது கறுப்பு வெல்வெட் முகமூடி என்று சிறை அதிகாரி குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதை இரும்பாக்கியவர்களில் முக்கியமானவர் வால்டேர். ராஜாவின் இரட்டைப் பிறவி என்று நாவலில் எழுதி உலகமெங்கும் பரப்பியவர் துமா. குமாஸ்தா எழுதிய குறிப்பை எழுத்தாளர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் பாருங்கள்!

அந்தக் கதை கப்பலேறி எங்கே வந்தது? நம்ம சேலத்துக்கு. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 'உத்தம புத்திரன்' எடுத்தார். பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் கதாநாயகன் இரட்டை வேடம் போட்ட முதல் படம். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. அதனால் அந்தப் படத்தில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1958இல் அதே பெயரில் வீனஸ் பிக்சர்ஸ் எடுத்தது. சிவாஜிக்கு இரட்டை வேடம், கதை வசனம் ஸ்ரீதர். அதற்குப் பிறகு 2006இல் வடிவேலு. முகமூடி போய்விட்டது; நல்லவன் ஒருவன், மூடன் ஒருவன் என்ற இரட்டையர் மட்டும் மிஞ்சினார்கள்.

பாரிஸ் சிறைக் குறிப்பிலிருந்து புலிகேசி வரை முந்நூறு வருஷம். பேத்திக்கு இதில் ஒன்றுமே தெரியாது, சின்னப்பாவையும் தெரியாது, சிவாஜியின் அந்தப் படத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் சிரித்தாள். கேலிக்கு அடியில் தானாக நிற்கக்கூடிய ஒரு கதை இருந்தது. பயந்தாங்கொள்ளி ராஜாவை எந்தக் குழந்தைக்கும் புரியும். கும்பெனிக்காரன் காலத்தில் 'அக்காமாலா', 'கப்ஸி' என்று பானம் விற்கிற கூத்தும் புரியும்.

அடுத்தது 'காதலிக்க நேரமில்லை'. 1964. உத்தம புத்திரனுக்கு வசனம் எழுதிய அதே ஸ்ரீதர் இதில் சினிமாவையே கேலி செய்தார். ஓகோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ், பாலையாவை உட்காரவைத்துப் பேய்க் கதை சொல்லும் இடம் என் வயதுக்காரர்களுக்கு மனப்பாடம். நாகேஷ் கதவைத் திறக்கிற மாதிரி வாயால் சத்தம் கொடுத்ததும் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலையாவின் முகம் போலவே அவள் முகமும் போயிற்று. அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுமை தீராத நகைச்சுவை.

மூன்றாவதாகத்தான் தவறு செய்தேன். 2010 ஜனவரியில் வந்த 'தமிழ்ப் படம்' போட்டேன். சி.எஸ். அமுதன் இயக்கி சிவா நடித்த படம். முழுக்க முழுக்க மற்ற படங்களைக் கேலி செய்வதற்கென்றே தமிழில் எடுக்கப்பட்டது. வெளிவந்த சமயம் தியேட்டரில் பார்த்தேன். சிப்காட் பையன்கள் ஷிப்டு முடிந்து யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வரிக்கு வரி விசில். மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி, எம்.எஸ். பாஸ்கர் மூவரும் கல்லூரி மாணவர்களாக வந்தபோது எனக்கும் அடக்க முடியவில்லை. நாற்பது வயதில் கல்லூரிக்குப் போன கதாநாயகர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

பேத்தி சிரிக்கவில்லை. பையன் சைக்கிள் பெடலைச் சுற்றச் சுற்றப் பெரியவனாகி விடுகிறான். "ஏன் தாத்தா அப்படி?" என்றாள். அந்தக் காலப் படங்களில் ஓடுகிற கால், சுழலுகிற சக்கரம் காட்டி ஒரே பாட்டில் பையனைப் பெரியவனாக்கி விடுவார்கள், அதைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று விளக்கினேன். நகைச்சுவையை விளக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறிப்போன காப்பி.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. படத்தின் ஆரம்பத்திலேயே ஒன்று நடந்தது. கதை நடக்கும் கிராமத்தின் பெயர் சினிமாபட்டி. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. பரவை முனியம்மா பாட்டியாக வந்து பேரனைக் காப்பாற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகிறாள். இது பெண் சிசுக்கொலையைப் பற்றி 1994இல் பாரதிராஜா எடுத்த 'கருத்தம்மா' போன்ற படங்களைத் தலைகீழாக்கிய கேலி. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேத்தி கேட்டாள்: "எதுக்கு தாத்தா பாப்பாவைக் கொல்லணும்? அப்படி எங்கேயாவது செய்வாங்களா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலத்தில்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசாங்கத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்ற திட்டம். 2001இல் அதைத் தர்மபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதனால் அப்போது தர்மபுரி என்றால் நாமும் சேர்த்திதான். அந்தச் சமயம் சுற்றறிக்கைகளைப் பதிவேட்டில் ஏற்றி நம்பர் போட்டு அனுப்பும் மேஜையில் நான் இருந்தேன். ஒரு நாள் வேறு வேலையாக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் காலியான தொட்டில் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். மேஜையில் இருந்தவரை அது எனக்கு ஒரு நம்பர். தொட்டிலைப் பார்த்த பிறகு அப்படி இருக்கவில்லை.

ஆனாலும் 2010இல் தியேட்டரில் சிரித்தேன். கேலி சினிமாவை என்று நினைத்துச் சிரித்தேன். அந்தப் படம் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு துயரத்தை நாலைந்து படங்கள் ஒரே மாதிரி அழுது காட்டினால், அந்த அழுகையைக் கேலி செய்ய ஒருவர் வரத்தான் செய்வார். ஆனால் கேலி மட்டும் நிலைத்து, அசல் மறந்துபோனால் என்ன மிஞ்சும்? அது நம்ம ஜில்லாவில் நடந்த விஷயம் என்பதே தெரியாத பிள்ளைகள் மிஞ்சுவார்கள். பேத்தியிடம் டிவியை நிறுத்திவிட்டு, அவள் வயதுக்குத் தக்கபடி சொன்னேன். தொட்டிலைப் பற்றியும் சொன்னேன். "பெண் பாப்பாவையா?" என்று மட்டும் கேட்டாள். மருமகள் போனில் அன்றைக்கு, "மாமா, அவளிடம் ஏன் அதையெல்லாம் சொன்னீங்க?" என்றாள். கோபமில்லை, வருத்தம். அவள் கேட்டதும் நியாயம்தான். நான் சொன்னதும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் பொம்மைப் படம். பேத்தி 'மகாவதார் நரசிம்மா' போட்டாள். 2025 ஜூலையில் வந்தது. அஸ்வின் குமார் இயக்கியது. பெங்களூர் ஹொம்பாலே நிறுவனம் வழங்கியது. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என்று ஐந்து மொழியில் ஓடியது. இரணியன் என்றால் எனக்கு 1967இல் ஏவிஎம் தெலுங்கில் எடுத்த 'பக்த பிரகலாதா'வின் ரங்காராவ்தான். இதில் இரணியன் மலை மாதிரி இருக்கிறான், ஆனால் ரங்காராவ் ஒரு புருவத்தைத் தூக்கினால் வந்த பயம் வரவில்லை. சொன்னால் பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. நரசிம்மம் தூணைப் பிளந்து வரும் கட்டத்தில் நானும் அசந்துதான் போனேன்.

கர்நாடகத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படம் கன்னடத்தில் கிடைத்தது பெரிய விஷயம். அங்கே 1960களில் நடந்த போராட்டத்திற்குப் பிறகு வேற்று மொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்வது நின்றுபோனது. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம். அதில் நியாயமும் இருந்தது. 2015இல் போட்டி ஆணையம் அந்தத் தடைக்கு எதிராக உத்தரவு போட்டது. 2017இல் அஜித்தின் 'என்னை அறிந்தால்' 'சத்யதேவ் ஐபிஎஸ்' ஆகக் கன்னடம் பேசியது. இடைப்பட்ட காலத்தில், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தைகள் சிங்கமும் கரடியும் பேசுவதை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ கேட்டார்கள். ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் 2007இலிருந்து சுட்டி டிவியில் எல்லாமே தமிழ் பேசின. எல்லைக்கோடு ஒன்று கார்ட்டூனுக்கும் இருந்தது!

நமக்கு டப்பிங் இருந்தது, சரி. சொந்தமாக என்ன செய்தோம்? 1989இல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியோடு வரைந்த மிருகங்கள் ஒரு பாட்டுக்கு ஆடின. 2007இல் 'இனிமே நாங்கதான்' என்று முழுநீளப் பொம்மைப் படம், இளையராஜா இசையில் வந்தது. வந்தது தெரியாமல் போனது. 2014இல் 'கோச்சடையான்'. ரஜினியைப் பார்க்கப் போனேன், ரஜினி மாதிரி ஒரு பொம்மையைப் பார்த்துத் திரும்பினேன். அதில் 2009இல் மறைந்த நாகேஷையும் கணினியில் உருவாக்கி நடக்க விட்டிருந்தார்கள். செல்லப்பாவைப் பார்த்த கண்ணுக்கு அது நாகேஷ் இல்லை. முகம் இருந்தது, குறும்பு இல்லை.

படம் வரைந்து ஓட்டுவது ஒன்றும் புதுக் கலையல்ல. எமில் ரெய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் 1892 அக்டோபர் 28 அன்று, கையால் வரைந்த படச்சுருளைத் திரையில் ஓட்டிக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிச் சினிமா காட்டியது 1895 டிசம்பரில்தான். ரெய்னோவை மூன்று வருஷத்தில் லூமியேர் சினிமா விழுங்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் மனம் நொந்து தன் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் எறிந்துவிட்டார். மிஞ்சியது இரண்டே இரண்டு. இதைச் சொன்னதும் பேத்தி, "யாரும் தடுக்கலையா?" என்று கேட்டாள்.

தடுக்க அன்றைக்கு யாரும் இல்லை. சேலத்துச் சின்னப்பா படத்தைப் பற்றிப் பேசவும் இன்று வீட்டுக்கு ஒரு கிழவரோ கிழவியோதான் மிச்சம். அடுத்த விடுமுறைக்கு 1958 'உத்தம புத்திரன்' பார்ப்பதென்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக அவள் சொல்லும் பொம்மைப் படம் இரண்டு நான் தூங்காமல் பார்க்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.