பாலுண்ட நாட்களின் கணக்கு

பல்லின் எனாமல் நாளுக்கொரு மெல்லிய கோடாக அடுக்கடுக்காய் வளர்கிறது. பிறப்பின் அதிர்ச்சிகூட முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு தனிக் கோடாகப் பதிகிறது. எலும்பு வாழ்நாள் முழுதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் உருவானபடியே நிற்கும்.

1924-ல் தென்னாப்பிரிக்காவின் டாங் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆதி மனித இனக் குழந்தை ஒன்றின் மண்டையோடு கிடைத்தது. முதல் கடைவாய்ப்பல் முளைத்திருந்ததால், இன்றைய பிள்ளைகளை அளவுகோலாக வைத்து ஏறத்தாழ ஆறு வயது என்றனர். 1985-ல் டிமத்தி புரோமேஜும் கிறிஸ்டோபர் டீனும் ஆதி மனித இனங்களின் பற்களில் கோடுகளை எண்ணினர். வளர்ச்சி வாலில்லாக் குரங்குகளின் வேகத்தில் இருந்தது. டாங் குழந்தையின் வயது மூன்று, நான்காகக் குறைந்தது. அளவுகோலே தவறு!

அடுத்து வந்தது வேதியியல். தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் பல்லில் பேரியம் கூடும், பால் குறையக் குறைய இறங்கும். பெல்ஜியத்தின் ஸ்க்லாடினா குகையில் கிடைத்த நியாண்டர்தால் பிள்ளையின் பல்லை இப்படி ஆராய்ந்த முடிவு 2013-ல் வெளியானது: ஏழு மாதம் பால் மட்டும், மேலும் ஏழு மாதம் பாலோடு பிற உணவு, பிறகு பால் சட்டென்று நின்றிருக்கிறது. தாய் இறந்தாளா, பிரிந்தாளா என்பதைப் பல் சொல்லாது. பிரான்சின் பேய்ர் பகுதியில் சுமார் 2,50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மற்றொரு நியாண்டர்தால் பிள்ளையோ இரண்டரை வயதுவரை பால் குடித்தது. அது வசந்தத்தில் பிறந்தது, இருமுறை ஈயம் அதன் உடலில் சேர்ந்தது என்பதும் அதே பல்லில் தெரிகிறது.

காட்டு ஒராங்குட்டான் குட்டிகள் எட்டு வயது தாண்டியும் பால் குடிப்பதை 2017-ல் பேரியமே காட்டியது.