திருகோணமலையில் கடற்கரை விடுமுறை: காலம், கரை, நாள் ஆகியவற்றின் வரிசைமுறை பற்றிய ஆய்வு

1. வரையறையும் எல்லையும்

ஒரு பயணத்துக்கான தீர்மானங்களை, எது எதைச் சார்ந்து நிற்கிறதோ அந்தச் சார்பு முறைப்படி அடுக்குவதையே இக்கட்டுரையில் விடுமுறைத் திட்டம் என்கிறோம். செலவுக் கணக்கும் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலும் திட்டத்தின் உறுப்புகளே. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் முடிந்துவிட்டது எனக் கொள்வது பொருந்தாது.

தீர்மானங்களை ஆளும் காரணிகள் இருவகைப்படும். மனிதர் விருப்பத்துக்கு வளையாதவை நிலைக்காரணிகள்: காற்று, மழை, கரையின் அமைப்பு. நாம் மாற்றி அமைக்கக்கூடியவை இசைவுக்காரணிகள்: விடுப்பு, பயணச்சீட்டு, தங்குமிடம், உணவு. நிலைக்காரணிகளை முதலில் உறுதிசெய்து, இசைவுக்காரணிகளை அவற்றுக்குப் பொருத்துவதே முறை. நடைமுறையில் இது தலைகீழாகவே நிகழ்கிறது. முதலில் விடுப்பு எடுக்கிறார்கள், பிறகு சீட்டு வாங்குகிறார்கள், பிறகு அறை பதிகிறார்கள். கடல் எப்படி இருக்கும் என்ற கேள்வி கரையில் போய் நின்ற பின்னரே எழுகிறது. திருகோணமலையைப் பொறுத்தவரை இந்த வரிசைப் பிழை ஒரு விடுமுறையை முழுவதுமாகக் கெடுத்துவிடும். அதற்கான காரணங்களையே இங்கு ஆராய்கிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நிலப்பரப்பு, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை நகரும் அதற்கு வடக்கே அடுத்தடுத்து அமைந்த உப்புவெளி, நிலாவெளிக் கரைகளும் ஆகும்.

2. காலப் பகுப்பு

2.1 நான்கு பருவங்கள்

இலங்கையின் ஆண்டை வானிலையாளர் நான்காகப் பகுப்பர். மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. தீவு முழுவதற்கும் பகுப்பு ஒன்றே. ஆனால் ஒரே பருவம் இரு கரைகளில் எதிரெதிர் விளைவுகளைத் தருகிறது. மே மாதத்தில் காலியிலும் நீர்கொழும்பிலும் கடல் குழம்பிக் கிடக்கும்போது நிலாவெளிக் கடல் தெளிந்திருக்கும். டிசம்பரில் நிலைமை நேர்மாறாகிவிடும். எனவே "இலங்கைக்கு எப்போது போகலாம்?" என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்ல இயலாது. எந்தக் கரைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டாலே கேள்வி முழுமையாகும்.

2.2 காற்றொதுக்குக் காலம்

ஒரு கரைக்கும் காற்று வீசிவரும் திசைக்கும் இடையே உயர்நிலம் நின்று, காற்றின் ஈரத்தையும் அலையெழுப்பும் வேகத்தையும் தடுத்துவைக்கும் காலத்தைக் காற்றொதுக்குக் காலம் என வரையறுக்கிறோம். திருகோணமலைக்கு அது தென்மேல் பருவக்காற்று வீசும் காலம். 2,524 மீட்டர் உயரமுள்ள பேதுருதாலகாலையை உச்சியாகக் கொண்ட மத்திய மலைநாடு, இந்துமாக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மறித்து அதன் மழையை மேற்குச் சரிவுகளிலேயே இறக்கிவிடுகிறது. கிழக்குக் கரையை அடையும் காற்று உலர்ந்தது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பேரலை எழ வழியில்லை. இவ்விரண்டும் சேர்ந்தே மே முதல் செப்டெம்பர் வரையான தெளிந்த கடலை உருவாக்குகின்றன.

இவ்வுண்மையை மீனவர் நெடுங்காலம் முன்பே தம் வாழ்க்கை முறையாக்கிக்கொண்டனர். மேற்குக் கடல் குழம்பும் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து, மணலில் கிடுகு வாடி அமைத்துத் தொழில் செய்வர். வாடைக்காற்று எனப்படும் வடகீழ் காற்று தொடங்கும்போது வாடிகளைக் கலைத்து ஊர் திரும்புவர். விடுமுறைக்கு வருபவருக்கு இதைவிடத் துல்லியமான நாட்காட்டி வேண்டியதில்லை என்பது நம் துணிபு.

2.3 கச்சான்

காற்றொதுக்குக் காலத்துக்கு ஒரு விலை உண்டு. மலைகளைக் கடந்து கீழிறங்கும் காற்று, இறங்கும்போது அமுக்கமுற்று வெப்பமடைகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கிழக்குக் கரையில் வீசும் இவ்வுலர் வெங்காற்றே கச்சான். இம்மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை எட்டுவது இயல்பு. கச்சான் உரத்து வீசும் நாளில் கடற்காற்று கரையேற முடியாமல் பின்வாங்குவதால், மாலையில் எதிர்பார்க்கும் குளிர்ச்சியும் கிட்டாது.

கச்சானின் இன்னொரு பண்பைத் தனியே சுட்டவேண்டும். அது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. நீர் அலையின்றித் தட்டையாகக் கிடப்பதால் ஆபத்து ஏதும் இல்லை என்று தோன்றும். அந்த நீரில் காற்றடைத்த மிதவை வளையத்தின் மேல் படுத்திருக்கும் பிள்ளை, பெரியவர் கவனிக்கும் முன்பே ஆழத்துக்கு நகர்ந்துவிடக்கூடும். வளையம் இலேசானது, நீருக்கு மேலே அதிகம் தெரிவது. எனவே பாய் கட்டிய வள்ளம் போலக் காற்றை ஏந்திக்கொள்ளும். கச்சான் காலத்தில் பிள்ளைகளுக்கு மிதவை வளையத்தைக் கொடுக்கவே கூடாது என்பதை விதியாகவே வைக்கிறோம். உடலோடு இறுகக் கட்டும் மிதவைச் சட்டையே தக்கது.

2.4 வாடைக் காலமும் இடைப்பருவங்களும்

வடகீழ் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து, தடுப்பேதும் இன்றி நேரே இக்கரையில் மோதுகிறது. திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. சராசரியாக நவம்பரிலும் டிசம்பரிலும் தனித்தனியே 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாகிறது. புயல்களும் இக்காலத்துக்கே உரியன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவியையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். கடலாடுவதற்கு இக்காலம் ஏற்றதன்று. முதலாம் இடைப்பருவமோ அமைதியானது. கடல் அடங்கத் தொடங்கியிருக்கும், வெப்பம் உச்சத்துக்கு ஏறியிராது. கூட்டத்தை விரும்பாதவருக்கு ஏப்ரலின் பிற்பகுதி நல்ல தேர்வு.

3. கரைப் பகுப்பு

திருகோணமலையின் தனிச்சிறப்பு, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூவகைக் கரைகள் அமைந்திருப்பது. கடலை நோக்கி மறைப்பின்றிக் கிடப்பது திறந்த கரை: நிலாவெளி முழுவதும் இவ்வகை. முனைகளுக்கு இடையே அகன்ற வாயுடன் வளைந்திருப்பது குடாக்கரை: கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குத் தெற்கே நகரை ஒட்டியுள்ள டச்சுக்குடாவும், சீனன்குடாப் பக்கத்தில் விமானப்படையின் பொறுப்பிலுள்ள மார்பிள் கடற்கரையும் இதன் சான்றுகள். நிலத்தால் ஏறக்குறைய முற்றாகச் சூழப்பட்டது மூடிய கரை: அதுவே புகழ்பெற்ற உட்துறைமுகம்.

மூடிய கரை நீராடும் இடமன்று. ஆயினும் நகரின் வரலாற்றை அறிய அதுவே திறவுகோல். சோழமண்டலக் கரையில் வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் போர்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. சென்னைக்கு முன்னே திறந்த கடல்தான் இருந்தது. ஆகவே எந்தப் பருவத்திலும் அமைதியான ஆழ்நீர் கிடைக்கும் இத்துறைமுகத்துக்காக ஐரோப்பியர் மாறிமாறிப் போரிட்டனர். 1782ஆம் ஆண்டில் மட்டும் இது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், சில மாதங்களில் சுஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படையிடமும் கைமாறியது. கடற்படைத் தளபதிகளின் முடிவையும் விடுமுறைக் குடும்பத்தின் முடிவையும் தீர்மானிப்பது ஒரே காற்றுத்தான்.

சிறு பிள்ளைகளோடு வருவோர் குடாக்கரையையோ, சுவாமிமலை முனை தெற்கே ஓரளவு மறைப்பளிக்கும் உப்புவெளியையோ நாடுவது நன்று. நீச்சல் வல்லவரும் தனிமை விரும்புவோரும் நிலாவெளிக்குப் போகலாம்.

கரைவலை இழுக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். விடிகாலையில் வள்ளம் அரைவட்டமாகச் சென்று வலையைக் கடலில் விட்டுவரும். அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரு குழுவினர் இழுப்பர். பின்னோக்கி அடிமேல் அடிவைத்து இழுக்கையில், வரிசையின் கடைசியில் உள்ளவர் கயிற்றை விட்டு முன்னே நீர் விளிம்புக்கு ஓடி மீண்டும் பற்றிக்கொள்வார். வலை கரைசேர நெடுநேரம் ஆகும். அந்த அரைவட்டத்துக்குள் நீந்தப் போவது வலையைக் கலக்கும், மீனை விரட்டும், நீந்துபவரையும் கயிற்றில் சிக்கவைக்கும். வந்தவர் ஐம்பது பாகம் தள்ளி நீராடினால் இருவருக்கும் நலம்.

4. நாட்பகுப்பு

காலமும் கரையும் முடிவானபின் நாளைப் பகுக்கவேண்டும். காற்றொதுக்குக் காலத்தின் ஒரு நாள் மூன்று கூறுகளாகப் பிரியும்.

முதற்கூறு, விடியலிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மணி வரை. காற்று எழுமுன் கடல் தெளிந்திருக்கும் நேரம் இது. நிலாவெளிக்கு அப்பால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புறாத்தீவுக்குச் செல்ல இதுவே உரிய வேளை. மாடப்புறாக்களால் பெயர்பெற்ற இத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. முருகைக்கற்களிடையே கருஞ்செட்டைச் சுறாக்கள் மனிதரை அண்டாமல் ஆழமற்ற நீரிலேயே உலாவுவதைக் காணலாம். அங்கு கைக்கொள்ளவேண்டிய நெறி சுருக்கமானது: முருகைக்கல்லின் மேல் நிற்கக்கூடாது. அது கல் போலத் தோன்றினும் உயிருள்ளது. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கிளை ஒரு மிதியில் முறிந்துவிடும். நிற்கவேண்டுமெனில் மணற்பரப்பைத் தேடவேண்டும். நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டையின்றி இறங்குவதாலேயே களைத்துப்போய்க் கல்லில் கால் ஊன்றுகிறார். ஆகவே மிதவைச் சட்டை அணிவது முருகைக்கல்லுக்கும் பாதுகாப்பு. வெயிலுக்குக் களிம்பை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை அணிந்து நீரில் இறங்குவது மேல்.

இரண்டாம் கூறு நண்பகல். இதைக் கடலுக்கு ஒதுக்குவது வீண். ஓய்வுக்கும் உணவுக்கும் உரிய நேரம் அது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் காண்பதாயின் வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்தபின் போகவேண்டும். இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காக உண்டாக்கியவை என்ற ஐதிகத்தால், மறைந்த தாய்க்குக் கடன் செய்வோர் இன்றும் அங்கு வருகின்றனர். உல்லாசப் பயணி அந்த அமைதிக்கு இடங்கொடுக்கக் கடமைப்பட்டவர்.

மூன்றாம் கூறு மாலை. இது கோணேசர் கோயிலுக்கு உரியது. பிரட்றிக் கோட்டை வாயிலினூடே, புள்ளிமான்கள் மேயும் நிழற்சாலையில் ஏறிச் சுவாமிமலையை அடையலாம். சம்பந்தர் பாடிய இத்தலத்தின் பழங்கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி அக்கோயிலின் எச்சங்களைக் கண்டனர். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. கோயிலுக்குச் செல்லும் மாலையில் வேறெதையும் சேர்த்துக்கொள்ளாதிருப்பதே அவ்விடத்துக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம்.

5. இசைவுக்காரணிகள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கொழும்பிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஹபறணைக்கும் கந்தளாய்க்கும் இடையே காட்டுச் சாலையில் யானைகள் குறுக்கிடுவதால் அப்பகுதியைப் பகலில் கடப்பது நன்று. இரவுத் தொடருந்து கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து விடியலில் நகரை அடையும். படுக்கைக்கு முன்பதிவு வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அது வார இறுதியோடு சேரும்போது உள்நாட்டுப் பயணிகள் திரள்வதால் புறாத்தீவில் நெரிசல் மிகும். அத்தினத்தில் புறாத்தீவுக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். தங்குமிடத்தை விலை நோக்கித் தேர்வதற்கு முன், அது மேற்சொன்ன மூவகைக் கரைகளுள் எதை ஒட்டியது என்று கேட்டறிய வேண்டும்.

6. யாருக்கு எந்தக் காலம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை, கிழக்குக் கரையின் காற்றொதுக்குக் காலத் தொடக்கத்தோடு பொருந்துகிறது. மே மாத முதற்பாதி இவர்களுக்கு உகந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்டு விடுமுறையும் பொருத்தமே. கச்சானை மட்டும் எதிர்பார்த்து வரவேண்டும். டிசம்பரில் மட்டுமே விடுப்புக் கிடைப்பவர் கடலாடுவதற்காகத் திருகோணமலைக்கு வரவேண்டாம். அவர்கள் காலி, உனவட்டுன போன்ற தென்மேல் கரைகளுக்குச் செல்லட்டும். கோணேசரைத் தரிசிக்க மட்டுமாயின் எந்த மாதமும் தடையில்லை.