டப்பாவின் மேல் இருந்த மஞ்சள் முக்கோணம்

பருத்திக்காடு வைத்திருந்தவர்களுக்கு எண்டோசல்பானை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய்ப்புழு விழுந்தால் அதைத்தான் வாங்கி அடிப்பார்கள். விஷம் என்று யாரும் சொன்னதில்லை, ‘மருந்து’தான். அலுவலகத்தில் அந்தப் பெயரை நானே இருப்புப் பதிவேட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன். டப்பாவின் மேல் மஞ்சள் முக்கோணம் ஒன்று இருக்கும். அதன் அர்த்தத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். வேலையில் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

1971-ஆம் வருடப் பூச்சிக்கொல்லி விதிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள் உண்டு. சோதனைப் பிராணிகளுக்கு எவ்வளவு கொடுத்தால் அவற்றில் பாதி சாகும் என்பதை வைத்து நிறம் முடிவாகும். 1927-ல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த கணக்கு அது. செத்த எலியைத்தான் எண்ணுவார்கள். பிழைத்த எலிக்குட்டி காலாகாலத்தில் பருவத்துக்கு வந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது.

நம் கோவையிலிருந்து மங்களூர் ரயிலில் போனால் வழியில் காசர்கோடு வரும். அந்த மாவட்டத்து மலைச்சரிவுகளில் கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு முந்திரித் தோப்புகள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள். அதை எதிர்த்து 1998-ல் நீதிமன்றம் போனவர் லீலாகுமாரி அம்மா. அவரும் வேளாண் துறையில் அரசு ஊழியர்தான். பதிவேட்டோடு நின்றுவிட்ட எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 2000-த்தில் தெளிப்பு நின்றது.

இதற்கிடையே, 1997-ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் பால்குடி மறந்த மூன்று வார எலிக்குட்டிகளுக்கு எண்டோசல்பான் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்த ஆண் குட்டிகள் வளர்ந்தபோது விந்தணு குறைந்திருந்தது. வளர்ந்த எலிகளைவிடக் குட்டிகளுக்கே பாதிப்பு அதிகம். வளரும் வயதில் ஹார்மோன்தான் உடம்புக்கு உத்தரவு போடுகிறது. வெளியிலிருந்து வந்த ரசாயனம் அந்த உத்தரவைக் கலைக்கிறது.

பிறகு அகமதாபாத்தின் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் காசர்கோடு வந்தார்கள். முந்திரித் தோப்பின் அடிவாரக் கிராமத்தில் 117 பையன்களையும், தெளிப்பு இல்லாத ஊரில் 90 பையன்களையும் சோதித்தார்கள். எல்லாம் 10 முதல் 19 வயதுக்குள். 2003-ல் முடிவு வெளிவந்தது. தெளிப்புக்கு ஆளான பையன்களின் ரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதலாக இருந்தது. வயதுக்கு ஏற்ற பருவ வளர்ச்சி பின்தங்கியிருந்தது. எண்ணிக்கை குறைவு, பலர் சோதனைக்கு வரவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பெற்ற பிள்ளையை அப்படிப்பட்ட சோதனைக்கு அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கு அது ஆய்வின் குறையாகப் படவில்லை.

பருவ வயதையே அளக்கும் எலிச் சோதனையை அமெரிக்க அரசு 1996-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வகுத்தது. பெண் குட்டிக்கு 22-ஆம் நாளிலிருந்து மூன்று வாரம், ஆண் குட்டிக்கு 23-ஆம் நாளிலிருந்து ஒரு மாதம் ரசாயனம் கொடுப்பார்கள். தினமும் தூக்கிப் பார்த்து, ஆளான நாளைக் குறித்துக்கொள்வார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் நாள் குறித்து வைத்து, தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

2011 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. கடைசி டப்பா வரைக்கும் மேலே அதே மஞ்சள் முக்கோணம்தான் இருந்தது.