சயாம் மரண ரயில்: கெடா தோட்டங்களில் காணாமற்போன தந்தையர்

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் தோட்டத் தமிழர்களை விழுங்கியது தாய்லாந்து–பர்மா ரயில் பாதை. அது தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் நீண்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதே மாதம் வட மலாயா மாநிலமான கெடாவின் நிர்வாகமும் சயாமின் (தாய்லாந்தின்) கைக்கு மாறியது.

சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி ஜப்பானியர் ரயில் பாதைக்கு ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும், வலுக்கட்டாயமாகப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இது வேலைக்கு ஆள் எடுத்தது அல்ல, ஆள்கடத்தல்.

தோட்டக் குடியிருப்பு லயங்களில் எஞ்சிய பிள்ளைகளுக்குக் கடிதம் இல்லை, மரணச் செய்தியும் இல்லை. ரப்பர் வருமானம் படுத்துவிட்டது. அவித்த மரவள்ளிக்கிழங்கே சோறு, கோணிச்சாக்கே உடுப்பு. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே வளர்ந்தார்கள். ரயில் பாதையில் காலராவும் பட்டினியும் கொன்ற ஆசியத் தொழிலாளர்களுக்கு முறையான பெயர்ப் பதிவேடு வைக்கப்படவில்லை. இதுவே இக்குற்றத்தின் மிகக் கொடிய பகுதி.

தாய்லாந்தின் காஞ்சனாபுரி போர்க் கல்லறைகளில், அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளின் பெயர்களைக் காணலாம். தமிழர்களை நாவல்களில்தான் தேடவேண்டும்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் ‘கையறு’.