வண்ணமீன் தொட்டி, கரிசல் வட்டாரத்தில்

வண்ணமீன் தொட்டி என்பது வெப்பமண்டல நன்னீர் மீன்களை வீட்டில் வளர்ப்பதற்கான கண்ணாடித் தொட்டி. இவ்வகை மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் ஏற்றது. குளிர்நாட்டார் எழுதிய கையேடுகளில் நீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கே முதலிடம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் அடங்கிய தூத்துக்குடி மாவட்டக் கரிசல் வட்டாரத்தில் அந்தக் கருவிக்கு வேலை இல்லை. நிலத்தடி நீரின் உப்பு, அதன் காரத்தன்மை, கோடை வெப்பம், மின்தடை ஆகிய நான்கும்தான் இங்கே தொட்டியின் கதியைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

நீர்த்தாவரமும் மீனும் சேர்ந்திருந்தால் மூடிய தொட்டியிலும் உயிர்ச் சமநிலை நிலைக்கும் என்பதை லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் விளக்கினார். லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் 1853-இல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை மெரினாவில், அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் அமைந்தது. பிற்காலத்தில் சென்னையின் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் மொத்த விற்பனைக்கும் பெயர்பெற்றது. கரிசல் வட்டாரத்துக்கு அருகிலுள்ள மீன்வள நிறுவனம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. 1977-இல் தொடங்கிய இக்கல்லூரி இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

நீர்

கரிசல் மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வயலில் ஓரடி தோண்டினாலே பல இடங்களில் சுக்கான் கல் தட்டுப்படும். இந்த மண்ணினூடே இறங்கும் நீர் கடினநீராகிறது. அதன் பி.எச். அளவு 7-ஐத் தாண்டிக் காரப் பக்கம் நிற்கிறது. பல ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாகவும் இருக்கும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. டி.டி.எஸ். மீட்டர் கொண்டு இந்த அளவைச் சில நொடிகளில் அறியலாம்.

தொட்டிக்கு மூன்று வகை நீர் கிடைக்கும்: போர் தண்ணீர், குழாயில் வரும் தாமிரபரணி நீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர் அல்லது சேமித்த மழைநீர். ஆற்று நீர் மூன்றிலும் நல்லது. அதில் குளோரின் கலந்திருப்பதால் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை என்பதால் அதை மட்டும் கொண்டு தொட்டியை நிரப்பக் கூடாது. 1,500 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர் ஒரு பங்குக்கு ஆர்.ஓ. நீரோ மழைநீரோ இரண்டு பங்கு கலந்தால் அளவு 500-ஐ ஒட்டி வந்துவிடும்.

வற்றும் நீரை ஈடுசெய்வதில்தான் தொடக்கநிலையினர் பலர் தவறுகிறார்கள். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 45 லிட்டர் தொட்டியில் வாரம் 5 லிட்டர் வற்றி, அதை மேற்சொன்ன போர் தண்ணீரால் நிரப்பினால், வாரந்தோறும் 7.5 கிராம் உப்பு கூடுகிறது. நான்கு வாரத்தில் லிட்டருக்கு 650 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். ஆகவே வற்றிய அளவை மழைநீராலோ ஆர்.ஓ. நீராலோ மட்டுமே நிரப்ப வேண்டும்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். இதன் கொள்ளளவு ஏறக்குறைய 57 லிட்டர். மேல்விளிம்பில் இடம் விட்டு, மணலும் கல்லும் இட்டபின் நீர் 45 லிட்டர் அளவில் நிற்கும். சிறு கிண்ணத்தில் மீன் வளர்ப்பது எளிதுபோலத் தோன்றினாலும், நீர் குறையக் குறையக் கழிவும் வெப்பமும் விரைவாக ஏறும்.

நிரம்பிய தொட்டி 60 கிலோவைத் தாண்டும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதன்மேல் கட்டிய வீடுகளில் தரை சாய்வதும் உண்டு. எனவே தாங்கியை ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரிக்க வேண்டும். மட்டம் தவறினால் சிலிக்கான் ஒட்டிய மூலைகளில் அழுத்தம் கூடிக் கசிவு ஏற்படும். மேற்கு வெயில் படும் சன்னலோரமும் மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையும் உகந்தவை அல்ல.

அடியில் இடும் கல்லின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். ஏற்கெனவே கடினமான நீரை இன்னும் கடினமாக்கும். ஏர் பம்ப்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலை மலிவானது, பழுதுபார்க்கவும் எளிது. வேலம்பாசி, வாலிஸ்னேரியா ஆகிய நீர்த்தாவரங்கள் கடினநீரில் செழிக்கும்.

தொட்டி பதப்படுதல்

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. எஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியா உண்டாகும். ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் தீங்கு குறைந்தது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வைத்த அன்றே மீன் விட்டால் முதல் வாரங்களிலேயே சாவு நேர்வது இதனால்தான்.

நீரின் காரத்தன்மை கூடினால் இந்த ஆபத்தும் கூடும். அமோனியாவின் நச்சு வடிவம் 30 டிகிரியில், பி.எச். 7 ஆனால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் கீழ், பி.எச். 8 ஆனால் 7 விழுக்காட்டைத் தாண்டும். ஒரே அளவு கழிவு, ஆற்று நீரைவிடக் கரிசல் போர் தண்ணீரில் பன்மடங்கு கொடியது. எனவே மீன் விடுமுன் ஃபில்டரை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை தீனி போட்டு பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் காலம் குறையும். சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டியதும் மீன் விடலாம்.

மீன் தேர்வு

கடின, காரநீரை விரும்பும் மீன்கள் கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை. நான்கும் முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை. மாலி உவர்நீரிலும் வாழும். கப்பி தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்தது. கொசுப்புழு தின்பதால் இந்தியச் சுகாதாரத் துறைகள் கிணறுகளிலும் தொட்டிகளிலும் அதை விடுவதுண்டு. 45 லிட்டருக்கு எட்டு முதல் பத்து கப்பி போதும். பெண் கப்பி நான்கு வாரத்துக்கொருமுறை குஞ்சு ஈனும். ஒருமுறை இணைசேர்ந்தாலே பல மாதம் ஈனக்கூடியது. தொட்டி நெருக்கடியாகாதிருக்க ஆண்களை மட்டும் வளர்ப்பது ஒரு வழி.

ஃபைட்டர் மீனும் கௌராமியும் நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை போல நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும், மின்தடையைத் தாங்கும். ஆண் ஃபைட்டர்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடலாகாது. அமேசான் படுகையின் மென்னீருக்குரிய நியான் டெட்ராவும் டிஸ்கஸும் இவ்வட்டாரத்தில் தொடக்கநிலையினருக்குரியவை அல்ல. தங்கமீன் குளிர்நீர் மீன். கரிசல் கோடை அதற்கு ஒவ்வாது.

தாமிரபரணிக்கே உரிய தாவ்கின்சியா தாம்பிரபர்ணியை என்ற கெண்டையினத்தை மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் 1954-இல் விவரித்தார். அழியும் நிலையில் உள்ள இந்த மீன் கூட்டமாக நீந்துவது. ஆற்றிலிருந்து பிடித்து இரண்டடித் தொட்டியில் அடைக்கத் தக்கதன்று.

மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வாங்கிவரும் மீன் வேறு தன்மையுள்ள நீரில் வளர்ந்தது. பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்ட பின், தொட்டி நீரை ஒரு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும்.

கோடையும் மின்தடையும்

25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும்; 35 டிகிரியில் 7-க்கும் கீழ். அதே வேளை சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. கோடையில் விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து வலைத்துணி கட்டி, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்று படச் செய்தால் ஆவியாதலால் நீர் சில டிகிரி குளிரும். ஐஸ் கட்டியை நேரே போடுவது மீனுக்கு அதிர்ச்சி தரும். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்காவிட்டால், மின்சாரம் போனதும் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கும். நீண்ட மின்தடைக்கு பேட்டரி பம்ப் உதவும். அந்நேரத்தில் தீனி போடக் கூடாது.

பராமரிப்பும் நோயும்

நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி. வாரம் ஒருமுறை அடிக்கழிவோடு நான்கில் ஒரு பங்கு நீரை உறிஞ்சி எடுத்து, முன் சொன்ன கலவை நீரை ஊற்ற வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை அலச வேண்டும். குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உடலில் ரவை ஒட்டியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பு சேர்ப்பது வழக்கமான மருத்துவம். உவர்நீர்த் தொட்டியில் இருக்கும் உப்பைக் கணக்கிட்டுக் குறைத்தே சேர்க்க வேண்டும்.

தொழிலும் பொறுப்பும்

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் அலகு மதிப்புள்ள கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் அறிவிக்கப்பட்டது.

வேண்டாத மீனைக் கண்மாயிலோ ஊருணியிலோ விடக் கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்வது. தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் பரவி, உள்ளூர் மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டு, மீனவர் வலைகளையும் கிழித்துவருகிறது. பெருகிய மீன்களை வாங்கிய கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுப்பதே முறை.