பிம்பிரியின் மருந்தும் நம் பொறுப்பும்

பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு வந்து வாகட்டில் குடியேறியுள்ள நாம், நம்மை வாழவைக்கும் இம்மண்ணின் சிறப்பையும் அறிந்திருத்தல் நன்று. நமக்குச் சில கல் தொலைவிலுள்ள பிம்பிரியில்தான், இந்திய அரசின் முதல் ஆன்டிபயாடிக் மருந்துத் தொழிற்சாலை எழுந்தது.

1928-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், ஒருவகைப் பூஞ்சணம் நோய்க்கிருமிகளை அழிப்பதைக் கண்டார். அதன் சாரமே பென்சிலின். ஆக்ஸ்போர்டில் பிளோரி, செயின் முதலியோர் அதனை மருந்தாக்கினர். அதற்கு முன்னெல்லாம் சிறு புண்ணில் சீழ் கண்டாலும், பிரசவத்துக்குப்பின் காய்ச்சல் கண்டாலும் உயிருக்கே உலையாக முடிவதுண்டு.

விடுதலை பெற்ற நம் நாடு இம்மருந்துக்கு அயல்நாடுகளையே நம்பியிருந்தது. அக்குறை தீர, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் துணைநிற்க, 1954-இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் பிம்பிரியில் அமைக்கப்பெற்றது. 1955-இல் பென்சிலின் உற்பத்தி தொடங்கிற்று. டாக்டர் எம். ஜே. திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் ஹாமைசின் என்னும் காளான்நோய் மருந்தைக் கண்டுபிடித்ததும் இங்கேதான்.

இங்ஙனம் அரும்பாடுபட்டுப் பெற்ற செல்வம் இன்று தேய்ந்து வருகிறது. காரணம் யாது? கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்லன சில இருக்கும். மற்றவை மடிய, அவை மட்டும் பிழைத்துப் பெருகும். போதாத அளவில் மருந்துண்பதும், வேண்டாதபோது உண்பதும் அவற்றுக்கே வாய்ப்பளிக்கும். ஒரு வண்டியின் சரக்கை மற்றொன்றுக்கு மாற்றுவதுபோல், ஒரு கிருமி தன் எதிர்ப்பாற்றலைப் பிறிதொன்றுக்கு வழங்கவும் வல்லது. பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று கிருமியிடம் இருப்பதை 1940-லேயே அறிஞர் கண்டனர். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் பழகிவிடும் என்று பிளெமிங்கே எச்சரித்தார்.

இதற்கு விடை தேடியதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், ஒரே மருந்தை மட்டும் தருவதினும் இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவதே மேல் என்பதை ஆய்ந்து காட்டியது. நோயாளி தம் வீட்டிலிருந்தே நலம் பெறலாம் என்றும் நிறுவியது. ஆனால் மருந்தை நாள் தவறாது உண்ணவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டவர் உலகெங்கும் சுமார் 12.7 இலட்சம் பேர் என்று கணக்கிட்டுள்ளனர். இத்தகைய மருந்துகள் பலவற்றின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்னும் விதி, 2014 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எனினும் விதி கடைவாயில் வரையே வரும். வீட்டுக்குள் காவல் நாமே.

குழந்தைக்குச் சளி பிடித்தால், அண்டை வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் குடியிருப்புகளில் உண்டு. சாதாரணச் சளியும் புளூக் காய்ச்சலும் வைரஸால் வருவன; ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடாது. ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, மருத்துவர் எழுதித் தராமல் இம்மருந்தை வாங்காதிருப்போம். எழுதித் தந்தால் அவர் கூறிய அளவில், கூறிய நாள்வரை உண்போம். முன்னோர் இல்லாமையால் இழந்த உயிர்களை, நாம் இருந்தும் இழத்தல் தகுமோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!